ரிமோட் இணைப்பில் திரை திரும்பி இருந்தால்...

தொலைவில் உள்ள கம்ப்யூட்டரை நம் இடத்தில் இருந்தே இயக்க ரிமோட் இணைப்பு உதவுகிறது. ஊரில் உள்ள பெற்றோரின் கம்ப்யூட்டரில் சிறு சிக்கல் என்றால், பஸ் ஏறாமலேயே சரி செய்துவிடலாம். ஆனால் ஒரு பிரச்னை மட்டும் இதில் நம்மைக் குழப்பிவிடும். "ஸ்கிரீன் தலைகீழாகத் தெரியுதுப்பா" என்று அப்பா போனில் சொல்வார். இணைத்துப் பார்த்தால் உங்களுக்கு எல்லாம் நேராகவே தெரியும். அவர் தவறாகச் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். இருவர் பார்ப்பதும் சரிதான்.

ஏன் இந்த வேறுபாடு?: திரையைத் திருப்பும் வேலை, படம் மானிட்டருக்குச் செல்லும் கட்டத்தில்தான் நடக்கிறது. விண்டோஸைப் பொறுத்தவரை டெஸ்க்டாப் நேராகவே இருக்கிறது. திரையைப் பகிரும் புரோகிராம்கள் பெரும்பாலும் இந்த நேரான படத்தைத்தான் உங்களுக்கு அனுப்புகின்றன. தலைகீழான திரையில் பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்து, அந்தப் படத்தை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள், நேராகவே இருக்கும். திரை பக்கவாட்டில் திரும்பி இருந்தால் மட்டும் உங்களுக்கு ஒரு அடையாளம் கிடைக்கும். அங்குள்ள டெஸ்க்டாப் உயரமாகவும் குறுகலாகவும் தெரியும். எனவே, இந்த வேலையில் உங்கள் கண்ணைவிட எதிர்முனையில் இருப்பவர் சொல்வதையே நம்ப வேண்டும்.

முதலில் போனிலேயே முயற்சி: பழைய இன்டெல் கிராபிக்ஸ் டிரைவர் உள்ள கம்ப்யூட்டர்களில் கண்ட்ரோல், ஆல்ட் கீகளுடன் கீழ் அம்புக்குறியை அழுத்தினால் திரை தலைகீழாகும். வீட்டில் குழந்தைகள் கீபோர்டைத் தட்டி விளையாடும்போது இப்படி நேர்வதுண்டு. கண்ட்ரோல், ஆல்ட் கீகளுடன் மேல் அம்புக்குறியை அழுத்தச் சொல்லுங்கள். திரை நேரானால் வேலை முடிந்தது. புதிய டிரைவர்களில் இந்த ஷார்ட்கட் கீகள் இயங்காமல் போகலாம். அப்போதுதான் ரிமோட் இணைப்பு தேவை.

எந்த இணைப்பு?: இதில் இரண்டு வகை உண்டு. விண்டோஸின் குயிக் அசிஸ்ட், எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை முதல் வகை. இவை அங்குள்ள திரையையே உங்களுக்கும் காட்டுகின்றன. எனவே நீங்கள் செய்யும் மாற்றம் அங்குள்ள மானிட்டரில் உடனே தெரியும்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் கனெக்ஷன் இரண்டாம் வகை. இதில் இணைந்தவுடன் அங்குள்ள மானிட்டர் லாக் ஆகிவிடும். உங்களுக்கெனத் தனியாக ஒரு திரை உருவாகும். அதன் அளவும் வடிவமும் உங்கள் கம்ப்யூட்டரைப் பொறுத்தே அமையும். அதற்குள் சென்று டிஸ்பிளே செட்டிங்ஸ் திறந்தால், ரிமோட் இணைப்பில் இருந்து மாற்ற முடியாது என்ற செய்திதான் கிடைக்கும். மேலும், விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கம்ப்யூட்டரை இந்த முறையில் வெளியில் இருந்து இயக்க முடியாது. எனவே, அங்குள்ள திரையை நேராக்க முதல் வகையே ஏற்றது.

செய்முறை: விண்டோஸ் 10 மற்றும் 11 சிஸ்டங்களில் குயிக் அசிஸ்ட் மூலம் செய்யும் வழி இது.

1. இருவரும் விண்டோஸ் கீ, கண்ட்ரோல் கீ, க்யூ கீ மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். குயிக் அசிஸ்ட் திறக்கும்.

2. உதவி செய்பவராக நீங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால் ஒரு குறியீடு கிடைக்கும். அதைப் போனில் சொல்லி, அங்கே டைப் செய்யச் சொல்லுங்கள். தலைகீழ் திரையில் மவுஸ் எதிர்த் திசையில் ஓடுவது போலத் தோன்றும். எனவே அவசரப்படுத்தாதீர்கள். டேப் கீ மூலம் நகர்ந்து, என்டர் தட்டுவது எளிது.

3. இணைப்பு கிடைத்தவுடன் கம்ப்யூட்டரை இயக்க அனுமதி கேளுங்கள். அவர் அங்கே சம்மதம் தர வேண்டும்.

4. டெஸ்க்டாப்பில் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, டிஸ்பிளே செட்டிங்ஸ் தேர்ந்தெடுங்கள். டிஸ்பிளே ஓரியன்டேஷன் என்ற இடத்திற்குச் செல்லுங்கள். உங்களுக்குத் திரை நேராகத் தெரிந்தாலும் இங்கே லேண்ட்ஸ்கேப் ஃபிளிப்டு என இருக்கலாம். உண்மை தெரியும் இடம் இதுதான்.

5. லேண்ட்ஸ்கேப் என மாற்றுங்கள். மாற்றத்தை வைத்துக் கொள்ளவா என்று கேட்டு 15 விநாடிகள் விண்டோஸ் காத்திருக்கும். உடனே கீப் சேஞ்சஸ் கிளிக் செய்யாதீர்கள். "அப்பா, இப்போ எழுத்து நேரா தெரியுதா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் கிளிக் செய்திடுங்கள். இல்லை என்றால் எதையும் தொட வேண்டாம். 15 விநாடிகள் முடிந்ததும் திரை பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இரண்டு மானிட்டர்கள் இருந்தால், ஐடென்டிஃபை பட்டனை அழுத்தி, எந்தத் திரையில் எந்த எண் தெரிகிறது என்று கேட்டபின் மாற்றுங்கள். மடக்கித் திருப்பும் வகை லேப்டாப் என்றால், திரை தானாகத் திரும்பாமல் இருக்க ரொட்டேஷன் லாக் வசதியை ஆன் செய்து வையுங்கள்.

போனில் இருந்து இணைத்தால்: உங்கள் போனைப் படுக்கை வாட்டில் பிடித்தால் உங்கள் பார்வைதான் அகலமாகும். அங்குள்ள மானிட்டர் திரும்பாது. ரிமோட் டெஸ்க்டாப் முறையிலும் இப்படித்தான். விண்டோஸ் 8.1 வெளியான 2013 முதல், நீங்கள் போனையோ டேப்ளட்டையோ திருப்பினால் உங்களுக்கான திரையும் தானாக வடிவம் மாறும் வசதி இதில் உள்ளது.

எச்சரிக்கை: இந்தக் குறியீட்டைத் தருவது, வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. வங்கியில் இருந்தோ கம்ப்யூட்டர் நிறுவனத்தில் இருந்தோ பேசுவதாகச் சொல்லி, ரிமோட் புரோகிராம் பதியச் சொல்லும் அழைப்புகள் மோசடிகளாகவே இருக்கும். தலைகீழ் திரை வைரஸ் அல்ல. ஒரு செட்டிங் மட்டுமே. இதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பயந்துபோய் யாரோ ஒருவருக்குக் கம்ப்யூட்டரைத் திறந்துவிடாமல், உங்களுக்குப் போன் செய்வார்கள்.