கண் கேட்பதும் கை கேட்பதும்

2025 ஏப்ரல் 2 அன்று நிண்டெண்டோ தன் புதிய கையடக்க விளையாட்டுக் கருவியான ஸ்விட்ச் 2 பற்றிய முழு விவரங்களையும் நேரலையில் வெளியிட்டது. 7.9 அங்குலத் திரை, நொடிக்கு 120 முறை படம் மாற்றும் திறன், மேசையில் வைத்து நகர்த்தினால் மவுஸாகவும் வேலை செய்யும் கைப்பிடிகள், நண்பர்களோடு பேசிக்கொண்டே ஆடுவதற்கென்று 'சி' என ஒரு தனிப் பொத்தான், கூடவே மரியோ கார்ட் வேர்ல்டு என்ற விளையாட்டு. பார்த்தவர்கள் முதலில் துள்ளினார்கள். விலை தெரிந்ததும் கொதித்தார்கள். அமெரிக்காவில் கருவி 450 டாலர், மரியோ கார்ட் தனியே 80 டாலர். அடுத்து நடந்த நேரலையில் 'விலையைக் குறை' என்ற வாசகம் அரட்டைப் பெட்டியை அடைத்துக்கொண்டு ஓடியது. ஜூன் 5 அன்று கருவி கடைக்கு வந்தது. நான்கே நாளில் உலகெங்கும் 35 லட்சம் விற்றது. செப்டம்பர் முடிவதற்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. வாயால் திட்டிக்கொண்டே காசைக் கொடுக்கிறவர்கள் என்று ரசிகர்களை இளக்காரமாகப் பேச இது போதும்தான். ஆனால் அந்தக் கூச்சலும் இந்த விற்பனையும் வெவ்வேறு விஷயங்களை அளக்கின்றன என்பதே என் வாதம். அந்தக் கூச்சலில் ஒரு பகுதி கருவியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. இன்னொரு பகுதி, கருவியை உருவாக்கிய பொறியாளர்களே காது கொடுத்துக் கேட்க வேண்டிய அளவுக்குத் துல்லியமானது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

முதல் பகுதி எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு மூளையியலில் நல்ல விளக்கம் இருக்கிறது. வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ், பீட்டர் டயன், ரீட் மான்டேக் ஆகிய மூவரும் 1997இல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை அதற்கு அடித்தளம். குரங்குக்கு ஒரு சைகை காட்டிச் சற்றுப் பொறுத்துப் பழச்சாறு கொடுப்பார்கள். பழகாத நாளில், சாறு நாவில் பட்டதும் டோபமைன் நரம்பணுக்கள் துடிக்கின்றன. பழகிய பிறகு சைகையைக் கண்டதுமே துடிக்கின்றன. சாறு வரும்போது சலனமில்லை. சைகை காட்டிவிட்டுச் சாறு தராமல் விட்டால், வர வேண்டிய அந்தக் கணத்தில் துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அந்த நரம்பணுக்கள் தெரிவிப்பது கிடைத்த பொருளின் அளவை விட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான். 2003இல் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றையும் காட்டியது: பரிசு வருமா வராதா என்பது சரிபாதி நிச்சயமின்மையில் இருக்கும்போதுதான், காத்திருக்கும் நேரத்தில் அந்தத் துடிப்பு மெல்ல ஏறிக்கொண்டே போய் மிக உயரத்தை எட்டுகிறது. ஒரு முன்னோட்டப் படம் எதைக் காட்டி எதை மறைக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். அது இந்தப் பாதி நிச்சயத்தைத்தான் உண்டாக்குகிறது. குரங்கின் ஒற்றை நரம்பணுவிலிருந்து லட்சம் பேர் கூடும் நேரலைக்கு ஒரே தாவாகத் தாவக் கூடாதுதான். என்றாலும் மனிதர்களை ஸ்கேன் செய்த ஆய்வுகளிலும் ஏறத்தாழ இதே வடிவம் தென்பட்டிருக்கிறது. ஏமாற்றத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பதில் பொருளுக்கு இருக்கும் பங்கு எதிர்பார்ப்புக்கும் இருக்கிறது.

படம் உண்டாக்கும் எதிர்பார்ப்பு வேறு, கைக்கு வரும் பொருள் வேறு என்பதைத் திருப்பூர் வட்டாரத்தில் விளக்க நீண்ட உரை தேவையில்லை. ஏற்றுமதி பனியன் கம்பெனியில் படத்தைப் பார்த்து ஆர்டரை உறுதி செய்யும் பையர் கிடையாது. அளவு பார்க்கும் ஃபிட் சாம்பிள் போகும், உற்பத்திக்கு முந்தைய பிபி சாம்பிள் போகும். துணியைத் தடவிப் பார்ப்பார்கள், துவைத்துச் சுருக்கம் அளப்பார்கள், அதற்குப் பிறகுதான் பல்க் உற்பத்தி. படத்தில் நிறம் தெரியும், அச்சு தெரியும்; துணியின் கனம் எத்தனை ஜிஎஸ்எம், மூன்றாம் துவைப்பில் கழுத்துப் பட்டை என்னவாகும் என்பது தெரியாது. கையடக்கக் கருவியின் அறிவிப்பு நாளில் உலகத்துக்குக் கிடைப்பது படம் மட்டும்தான். கண்ணுக்குத் தெரிவதை வைத்து எழும் ஆரவாரமும் வசையும் ஒரு வகை. முந்தைய கருவியை ஆண்டுக்கணக்கில் கையில் வைத்து ஆடியவர்கள் அந்த அனுபவத்திலிருந்து கேட்கும் கேள்விகள் இன்னொரு வகை.

கண்ணின் தீர்ப்பு எவ்வளவு தவறக்கூடும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாறே சாட்சி. 1989இல் வந்த கேம் பாயின் திரை மங்கலான பச்சை. நிறமில்லை, பின்னொளியும் இல்லை. அடுத்த ஆண்டு வந்த சேகாவின் கேம் கியரில் வண்ணமும் உண்டு, பின்னொளியும் உண்டு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தக் குழந்தையும் கேம் கியரைத்தான் கேட்கும். ஆனால் அது ஆறு பென்சில் பேட்டரியை மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் தீர்த்துவிடும். கேம் பாய் நான்கே பேட்டரியில் அதைப்போலப் பல மடங்கு நேரம் ஓடும். கேம் பாய், அதன் வண்ணப் பதிப்பையும் சேர்த்து, 11.8 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் ஒரு கோடிச் சொச்சத்தோடு நின்றது. கேம் பாயை உருவாக்கிய குன்பெய் யோகோய், பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்துவதே தன் வழி என்று வெளிப்படையாகச் சொன்னவர். எதிர்த்திசையிலும் ஓர் உதாரணம் உண்டு. 2010இல் கண்ணாடி அணியாமலே முப்பரிமாணம் காட்டும் 3டிஎஸ் கருவியை நிண்டெண்டோ காட்டியபோது கண்டவர்கள் வியந்துபோனார்கள். இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் வெவ்வேறு படம் போகும்படி திரையில் நுண்ணிய கோடுகளாலான ஒரு தடுப்பு, அவ்வளவுதான் வித்தை. அந்தத் தடுப்பு ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கே சரியாக வரும். கை சற்று அசைந்தாலும் படம் இரட்டித்துவிடும். கையில் பிடித்து ஆடும் கருவியோ அசைந்துகொண்டேதான் இருக்கும். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலருக்கு வந்த கருவி ஆகஸ்டிலேயே 170 டாலருக்கு இறங்கியது. பலர் முப்பரிமாணத்தை அணைத்துவிட்டே ஆடினார்கள். 2013இல் அந்த வசதியே இல்லாமல் 2டிஎஸ் என்ற கருவி வந்தது. கைதட்டல் வாங்கிய அம்சம், கைக்குப் போனதும் உதிர்ந்துபோனது.

கையிலிருந்து எழும் புகாரின் தன்மையே வேறு. 2017இல் வந்த முதல் ஸ்விட்சின் ஜாய்கான் கைப்பிடிகளில், விரல் வைக்காமலே கட்டைவிரல் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும் கோளாறு பரவலாக இருந்தது. விளையாட்டில் நிற்க வேண்டிய பாத்திரம் தானாக நடந்து பள்ளத்தில் விழும். உள்ளே நடப்பது எளிமையானது: குச்சியின் அடியில் கரிப்பூச்சுத் தடத்தின் மேல் ஒரு சிறு உலோகத் தொடுமுனை உரசிக்கொண்டே நகரும். அது எந்த இடத்தில் தொடுகிறதோ அதற்கேற்ப மின்தடை மாறும். கருவி அந்த எண்ணைப் படித்து விரல் எங்கிருக்கிறது என்று கணிக்கும். லட்சக்கணக்கான உரசலில் தடம் தேய்கிறது, தேய்ந்த துகளும் வெளித்தூசியும் சேர்கின்றன, எண் பிசகுகிறது. 2020இல் நிறுவனத்தின் தலைவர் ஷுன்டாரோ ஃபுருகாவா இந்தத் தொல்லைக்கு மன்னிப்புக் கேட்டார். 2021 ஜனவரியில் ஐரோப்பிய நுகர்வோர் அமைப்புகளின் கூட்டமைப்பான பியூக், ஏறத்தாழ 25,000 பேரின் புகார்களோடு ஐரோப்பிய ஆணையத்துக்குப் போனது. அந்தப் புகார்களின்படி 88 விழுக்காட்டுக் கைப்பிடிகள் வாங்கிய இரண்டு ஆண்டுக்குள் கெட்டிருந்தன. 2023இல் ஐரோப்பாவில் இதற்கு இலவசப் பழுதுபார்ப்பு அறிவிக்கப்பட்டது.

அதனால்தான் ஸ்விட்ச் 2 அறிவிப்புக்கு முன்பே ரசிகர்கள் 'ஹால் குச்சி வருமா' என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவு அது: மின்னோட்டம் பாயும் பட்டைக்கு அருகே காந்தம் வந்தால் பட்டையின் குறுக்கே சிறு மின்னழுத்தம் பிறக்கும். காந்தத்தை அசைத்து அந்த அழுத்தத்தை அளந்தால் போதும். எதுவும் எதையும் உரச வேண்டாம், தேயவும் வேண்டாம். சேகா 1998இலேயே தன் ட்ரீம்காஸ்ட் கைப்பிடியில் இதை வைத்திருந்தது. நம் பனியன் கம்பெனிப் பவர் டேபிள்களில் ஓடும் சர்வோ மோட்டார் தையல் இயந்திரங்களிலும், டைலர் மிதியை எவ்வளவு அழுத்துகிறார் என்பதை இப்படிப்பட்ட உணரியைக் கொண்டு அளக்கும் மாடல்கள் உண்டு. ஷிப்டு முழுக்க மிதிபடும் பாகத்தில் உரசல் இருக்கக் கூடாது என்பது அந்த வடிவமைப்பாளர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்விட்ச் 2இன் குச்சிகள் புதிதாக வடிவமைக்கப்பட்டவை, ஆனால் ஹால் வகை கிடையாது என்று 2025 ஏப்ரலில் நிறுவனம் உறுதி செய்தது. அதைக் கேட்டு எழுந்த அதிருப்தியை வெறும் எதிர்பார்ப்புப் பிழை என்று நான் தள்ள மாட்டேன். பல ஆண்டுக் கை அனுபவம் அது.

இந்தப் பிரிவினைக்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. புதிய கருவிக்கு ஓஎல்இடி திரை கொடுக்காமல் எல்சிடி திரை கொடுத்ததை ரசிகர்கள் அறிவிப்பு நாளிலேயே கண்டித்தார்கள். கருவி வெளியான பின் திரையை அளந்த பரிசோதனையாளர்கள், பிக்சல் ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறச் சராசரியாக 30 மில்லிசெகண்டுக்கு மேல் எடுப்பதாகக் கண்டார்கள். 120 முறை படம் மாறும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 8 மில்லிசெகண்டு. அதாவது பழைய படம் அழிவதற்குள் புதியவை மூன்று வந்து சேர்ந்துவிடும், அசைவு தீற்றலாகத் தெரியும். அப்படியானால் கண்ணும் சரியாகத்தானே சொன்னது? விடைக்குப் பக்கத்தில் வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிவிப்பு நாளில் பெரும்பாலும் பேசப்பட்டது கருமையின் ஆழமும் வண்ணத்தின் பொலிவும்தான். அசைவுத் தீற்றலை நேரலைக் காணொளியில் யாராலும் பார்த்திருக்க முடியாது. அதைக் கண்டுபிடிக்கக் கருவியும் அளவுமானியும் கைக்கு வர வேண்டியிருந்தது. விலைக் கூச்சல் இந்த இரண்டிலும் சேராது. அது வீட்டு வரவு செலவு பற்றிய நியாயமான முறையீடு. வேறு வழியில்லாமல் வாங்கியவர் எண்ணிக்கையைக் காட்டி அதைப் பொய் என்று சொல்ல முடியாது.

எதிர்பார்ப்பே அளவுகோலாகிவிடுவதற்குத் தமிழர்களுக்கு நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. டொரொண்டோவின் விசை கேம்ஸ் உருவாக்கிய 'வெண்பா' என்ற விளையாட்டு 2023 ஜூலை 31 அன்று ஸ்விட்ச் உள்ளிட்ட கருவிகளில் வந்தது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். கிழிந்துபோன சமையல் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு விட்ட இடங்களை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த வரிசையில் அடுக்கினால் ஆவி எல்லா இட்லிக்கும் போய்ச் சேரும் என்பதுதான் முதல் புதிர். உலகெங்கும் ஆயிரக்கணக்கான விரல்கள் அந்தத் தட்டை மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தன. முன்னோட்டங்களைப் பார்த்துக் காத்திருந்தவர்களில் பலர், வெளியானதும் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டதே என்று குறைப்பட்டார்கள். 2024இல் அதே ஆட்டம் சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதையும் பெற்றது. பரிசு கிடைத்ததால் குறை சொன்னவர்கள் தவறு என்றாகாது. ஆனால் அவர்கள் அந்த ஒன்றரை மணி நேரத்தை அளந்தது தங்கள் நெடுங்காத்திருப்பை அளவுகோலாக வைத்து. அதே படைப்பை முன்தகவல் ஏதுமின்றி எடுத்தவருக்கு அந்த நீளமே பொருத்தமாக இருந்திருக்கலாம்.

இவற்றுக்கும் திருப்பூர் பக்கத்து ஊத்துக்குளிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். 2025இல் வெளியானபோது ஸ்விட்ச் 2 இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வரவில்லை. 450 டாலர் என்பது அன்றைய மதிப்பில் 38,000 ரூபாய்க்கு மேல். திருப்பூருக்கு வேலைக்குப் போய்வருபவர்களின் கையடக்க விளையாட்டுக் கருவி போன்தான். அதனாலேயே இங்கிருந்து எழ வேண்டிய கை அனுபவக் கேள்விகள் எந்த நேரலை அரட்டையிலும் எழுவதில்லை. வெளியான முதல் கோடையிலேயே, கருவியை 5 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள் பயன்படுத்துமாறு ஜப்பானில் நிண்டெண்டோ அறிவுறுத்தியது. ஸ்டீம் டெக் என்ற இன்னொரு கையடக்கக் கருவிக்கும் வால்வ் நிறுவனம் 2022இல் 35 டிகிரியைத்தான் மேல் எல்லையாகச் சொன்னது. சித்திரையில் ஊத்துக்குளி மதிய வெயில் 35ஐத் தாண்டாத நாள் அபூர்வம். தகரக் கூரைக்கு அடியில் இன்னும் மோசம். சூடு ஏறினால் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், லித்தியம் பேட்டரியின் ஆயுள் தேயும். அப்போது அந்த 120 என்ற எண்ணுக்கு மதிப்பில்லை. பின்னலாடைக் கூடங்களைச் சுற்றி மிதக்கும் பஞ்சுத் தூசியை அந்தக் கரித்தடக் குச்சி எத்தனை மாதம் தாங்கும் என்பது அடுத்த கேள்வி. குச்சி கெட்டால் பாகம் ஈரோட்டிலாவது கோவையிலாவது கிடைக்குமா என்பது அதற்கும் அடுத்தது. எந்த நிறுவனமானாலும் இங்கே கருவியை விற்க வரும் நாளில், திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன் இந்த மூன்றையும் கேட்க வேண்டும். 38 டிகிரியில் இரண்டு மணி நேரம் ஓடவிட்டு எடுத்த அளவீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்.