முட்டுக்கட்டையும் வேண்டும்

ஊர்தியை விரும்பிய உருவில் அமைத்துக்கொள்ளும் ஆசை புதிதன்று. 1910ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் வாழ்ந்த மேத்யூசன் என்னும் செல்வர், இங்கிலாந்தின் புரூக் நிறுவனத்தைக் கொண்டு அன்னப்பறவை வடிவில் மகிழுந்து ஒன்றைச் செய்வித்தார். அதன் அலகு சூடான நீராவியைச் சீறியது. தெருவில் குழப்பம் மிகவே, காவல்துறை அதற்குத் தடை விதித்தது. பின்னர் நாபா அரசரிடம் சென்ற அவ்வூர்தி, இன்று நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

திரையுலகும் இவ்வாசையை வளர்த்தது. 1955இல் உருவான லிங்கன் பியூச்சரா என்னும் மாதிரி மகிழுந்தை, ஜார்ஜ் பாரிஸ் என்னும் அமெரிக்கர் வௌவாலை நினைவூட்டும் வடிவில் மாற்றியமைத்தார். 1966இல் வெளிவந்த 'பேட்மேன்' தொடரால் அது உலகப் புகழ் பெற்றது. எனினும், திரைக்கான ஊர்தி காவலிட்ட களத்தில் ஓடுவது. பொதுச்சாலையோ பலருக்கும் உரியது.

வியக்கத்தக்க ஊர்தி நம் மண்ணிலும் உண்டு. நீடாமங்கலத்திற்குக் கிழக்கேயுள்ள திருவாரூரின் ஆழித்தேர், அலங்கரித்த நிலையில் ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் உடையது. நின்ற தேரை அசைப்பது அரிது. அசைந்த தேரை நிறுத்துவது அதனினும் அரிது. இயற்பியல் இதனை நிலைமம் என்கிறது. ஆகவே, வடம் பிடிப்போர் முன்னே இழுக்க, முட்டுக்கட்டை இடுவோர் சக்கரத்தின் அருகிலேயே விழிப்புடன் நடப்பர். தேரின் விரைவைக் குறைப்பதும் வீதிமுனையில் அதனைத் திருப்புவதும் அவர்தம் கைத்திறனே. பிற்காலத்தில் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தின் துணையுடன் இரும்புச் சக்கரங்களும், நீர்ம அழுத்தத்தால் இயங்கும் தடைக்கருவிகளும் இத்தேரில் பொருத்தப்பட்டன. தேரின் தோற்றம் மாறவில்லை; பாதுகாப்பு உயர்ந்தது.

இன்று இளைஞர் சிலர் செய்யும் மாற்றங்கள் இதற்கு நேர்மாறானவை. அளவை மீறிய சக்கரம், வண்டி திரும்பும் இயல்பையும் நிற்கும் தொலைவையும் மாற்றக்கூடும். கண்கூசும் விளக்கு எதிரே வருபவரின் பார்வையை மறைக்கும். ஊர்தியின் அடிப்படை அமைப்பை உற்பத்தியாளர் வகுத்ததற்கு மாறாக மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் இதனை உறுதி செய்தது.

பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்பது இடையூறு எனப் பொருள்படும். தேருக்கோ அதுவே காப்பு. ஓட்டத்தின் அழகு, உரிய இடத்தில் நிற்பதிலும் உள்ளது.