"சொந்த ஊர் எதுங்க?"

சென்னையில் வாடகை வீடு கிடைப்பதற்கு எழுத்தில் விண்ணப்பம் எதுவும் கிடையாது. கேட்டில் தொங்கும் 'டூ-லெட்' பலகையைப் பார்த்து வந்தாலும், புரோக்கர் அழைத்து வந்தாலும், செயலியில் தேடி வந்தாலும், முடிவாவது வீட்டு வாசலில் நடக்கும் பேச்சில்தான்.

"எத்தனை பேர் இருக்கப் போறீங்க?" என்பது முதல் கேள்வி. அதில் நியாயம் உண்டு. நான்கு குடித்தனங்களுக்கு ஒரே போர், ஒரே மேல்தொட்டி என்ற வீட்டில், ஆள் கூடினால் கோடையில் லாரித் தண்ணீர் வாங்க வேண்டிவரும். அடுத்து வேலை, சம்பளம். வாடகையையே பென்ஷனாக நம்பி வாழும் முதிய உரிமையாளர்கள் ஏராளம். குடியிருப்பவர் நான்கு மாதம் வாடகையை நிறுத்தினால், அவர்களுடைய மருந்துச் செலவே தடுமாறும். ஆகவே அலுவலக அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் கேட்பதில் தவறில்லை.

அதற்குப் பிறகு வருபவைதான் வேறு வகைக் கேள்விகள். "சொந்த ஊர் எதுங்க?" "அப்பா பேரு?" "குலதெய்வம் எது?" "நான்வெஜ் சாப்பிடுவீங்களா?" ஒவ்வொன்றும் சாதாரண விசாரிப்பு போலத்தான் இருக்கும், தேடுவது சாதியையும் மதத்தையும். பதில் பிடிக்காவிட்டால், "சொந்தக்காரங்க ஒருத்தர் வர்றதா சொல்லிட்டாங்க" என்று முடித்துவிடுவார்கள். மறுநாளும் பலகை அதே கேட்டில் தொங்கும். தலித்துகள், முஸ்லிம்கள், தனியாக வாழும் பெண்கள், 'பேச்சிலர்' இளைஞர்கள் என இந்தப் பதிலைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் பலர். டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. பெயரை வைத்தே தலித்துகளுக்கும் முஸ்லிம்களுக்கும் வீடு மறுக்கப்படுவதை அது பதிவு செய்தது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் இதைத் தடுக்கும் பிரிவு இல்லை. வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கும் குலதெய்வத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இந்த வடிகட்டல் அநியாயம்.

காவல்துறை விவரப் படிவம் தனி விஷயம். 2012 பிப்ரவரியில், வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்த வங்கிக் கொள்ளைச் சந்தேக நபர்கள் ஐந்து பேர் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையடுத்து, குடிவருவோரின் விவரங்களை உரிமையாளர்கள் காவல் நிலையத்தில் தரவேண்டும் என்று சென்னை மாநகரக் காவல்துறை உத்தரவிட்டது. இதற்காக ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தரலாம். அதை ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

பேச்சு படிந்தால் டோக்கன் அட்வான்ஸ், பிறகு முழு அட்வான்ஸ், புரோக்கர் இருந்தால் அவருக்கு ஒரு மாத வாடகை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது. அந்த விதிவிலக்கே பழைய வழக்கம் தொடர வழிவிடுகிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்பதும் இச்சட்டத்தின் விதிதான். பலர் இன்னும் பதினொரு மாத ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்ற 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தைத் தவிர்க்க உருவான வழக்கம் அது. வாடகைச் சட்டத்திலிருந்து அது விலக்கு தராது.

விசாரிக்கும் உரிமை குடிவருபவருக்கும் உண்டு. வாடகைக்கு விடுபவர் உண்மையிலேயே உரிமையாளர்தானா என்பதை ஓரளவுக்குச் சொத்து வரி ரசீதில் உள்ள பெயர் காட்டும். கரன்ட்டுக்குத் தனி மீட்டரா, சப்-மீட்டரா, யூனிட்டுக்கு எவ்வளவு, மே மாதத்தில் தண்ணீர் எப்படி என்பதையெல்லாம் பக்கத்துக் குடித்தனத்திடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். காலி செய்யும்போது பெரும்பாலான சண்டை பெயின்ட் செலவில்தான் தொடங்குகிறது. சாவி வாங்கும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படம் எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்; அட்வான்ஸ் எப்போது திரும்பும், அதில் எதற்கெல்லாம் கழிப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.