தீயரண்

கோட்டைக்கு மதில் மட்டும் அரணாகிவிடாது. எவ்வாயிலைத் திறப்பது, எவ்வாயிலை அடைப்பது என்று அறிந்த காவலும் வேண்டும். வலையமைப்பில் இணைந்த கணினிக்கும் இது பொருந்தும். உள்வரும் தரவையும் வெளிச்செல்லும் தரவையும் விதிகளின்படி ஆராய்ந்து, ஏற்கவோ மறுக்கவோ செய்யும் அமைப்பே தீயரண் எனப்படும். கட்டடத்தின் ஒரு பகுதியில் பற்றிய தீ அடுத்த பகுதிக்குப் பரவாமல் தடுக்கும் சுவரின் பெயரே இதற்கும் வழங்கலாயிற்று.

டிசிபி நெறிமுறையில் 0 முதல் 65535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உள்ளன. பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443ஆம் வாயிலும், தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் சேவைக்கு 22ஆம் வாயிலும் வழக்கமாகப் பயன்படுகின்றன. 1988 நவம்பர் 2ஆம் நாள் பரவத் தொடங்கிய மோரிஸ் புழு, மின்னஞ்சல் முதலிய சேவைகளில் இருந்த குறைகளின் வழியே நுழைந்து ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. தேவையற்ற வாயில்களை அடைத்து வைப்பதன் இன்றியமையாமையை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியிலேயே நெட்ஃபில்டர் என்னும் சோதனை அமைப்பு உள்ளது. அதனை எளிய கட்டளைகளால் ஆள்வதற்கென உருவான கருவி யூஎஃப்டபிள்யூ. இது 2008இல் வெளிவந்த உபுண்டு 8.04 பதிப்பிலிருந்து இடம்பெற்று வருகிறது.

தொலைவிலுள்ள சேவையகம் ஒன்றில் தீயரண் அமைப்பதாகக் கொள்வோம். முனையத்தில் பின்வரும் கட்டளைகளை வரிசையாக இடவேண்டும்.

1. சுடோ யூஎஃப்டபிள்யூ டிஃபால்ட் டினை இன்கமிங் – உள்வரும் இணைப்புகள் அனைத்தையும் மறுக்கும் பொதுவிதி.
2. சுடோ யூஎஃப்டபிள்யூ டிஃபால்ட் அலோ அவுட்கோயிங் – வெளிச்செல்லும் இணைப்புகளுக்கு இசைவளிக்கும் பொதுவிதி.
3. சுடோ யூஎஃப்டபிள்யூ அலோ 22/டிசிபி – 22ஆம் வாயிலுக்கு மட்டும் விலக்கு.
4. சுடோ யூஎஃப்டபிள்யூ எனேபிள் – தீயரணை இயக்குதல்.
5. சுடோ யூஎஃப்டபிள்யூ ஸ்டேட்டஸ் வெர்போஸ் – நடப்பிலுள்ள விதிகளைச் சரிபார்த்தல்.

இவ்வரிசையில் மூன்றாவது படி தவறிவிட்டால், நான்காவது படி காவலரையே கோட்டைக்கு வெளியே நிறுத்திவிடும். தொலைவிலிருந்து மீண்டும் நுழையும் வழி அடைபடும். சேவையகம் இருக்கும் இடத்திற்கே சென்றோ, அதனை வழங்கிய நிறுவனத்தின் தனி முனையம் வழியாகவோதான் விதியைத் திருத்த இயலும். இதனாலேயே, எனேபிள் கட்டளையிட்டதும் இருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பு துண்டிக்கப்படலாம் என எச்சரித்து, தொடரலாமா என்று கணினி வினவுகிறது. அவ்வினாவை வாசிக்காது விடையளித்தல் ஆகாது.

விதிகள் மேலிருந்து கீழாக ஆராயப்படுகின்றன. முதலில் பொருந்தும் விதியே செயற்படும். ஆகவே, அனைவருக்கும் இசைவளிக்கும் விதிக்குக் கீழே ஒரு முகவரிக்கு மட்டும் தடை எழுதினால் அத்தடை பயன்தராது. அதனை ‘இன்சர்ட் 1’ என்னும் சொற்களைச் சேர்த்து முதலிடத்தில் அமைத்தல் வேண்டும்.

திறந்துள்ள வாயில் வழியே வருபவரின் உள்ளக் கருத்தை இத்தகைய தீயரண் அறியாது. ஆதலின் வலிய கடவுச்சொல்லும், காலந்தோறும் புதுப்பிக்கப்பெற்ற மென்பொருளும் அதற்குத் துணைநிற்க வேண்டும்.