பாம்பின் மூச்சில் சத்தம் வந்தால்…

வடசென்னையில் எர்ணாவூர்ப் பக்கம் வசிப்பவர்களுக்குப் பாம்பு புதிதல்ல. ஐப்பசி, கார்த்திகை மழையில் பக்கிங்காம் கால்வாய் நிரம்பித் ததும்பும்போது தண்ணீர்ப் பாம்பும் சாரையும் மேடு தேடி வாசலுக்கே வந்துவிடும். அப்படி வந்த ஒன்றைப் பிடித்துப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மூடியில் நாலு ஓட்டை குத்தி, 'வளர்க்கப் போகிறேன்' என்று சொல்லும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து டப்பாவுக்குள் மெல்லிய 'கர்… கர்…' சத்தம் கேட்கிறது. பாம்புக்குக் கோபம் என்று அவன் நினைக்கிறான். கோபம்தானா?

நலமாக இருக்கும் பாம்பு சும்மா படுத்திருக்கும்போது அதன் அருகே காதை வைத்தால் (தயவுசெய்து வைக்காதீர்கள்!) ஒன்றுமே கேட்காது. மூச்சை விடும், இழுக்கும், பிறகு சிறிது நேரம் பேசாமல் இருக்கும். அவ்வளவுதான். ஆகவே பாம்பிடமிருந்து சத்தம் வந்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தே தீரவேண்டும்.

உரத்த சத்தங்களை முதலில் பார்ப்போம். பாம்பின் வாயைத் திறந்தால், கீழ்ப்புறத்தில், நாக்கு ஒளிந்திருக்கும் உறைக்குச் சற்றுப் பின்னால் ஒரு சிறு பிளவு தெரியும். அதுவே மூச்சுக்குழாயின் வாசல். நம்மைப் போன்ற குரல்நாண்கள் பொதுவாகப் பாம்புகளுக்குக் கிடையாது. நுரையீரலில் நிரப்பிய காற்றை அந்தக் குறுகிய வாசல் வழியே வேகமாகத் தள்ளுவதால் எழுவதே சீற்றம். கண்ணாடி விரியனின் சீற்றத்தைப் பிரஷர் குக்கரின் ஆவிக்கு ஒப்பிடுவார்கள், பொருத்தமான ஒப்புமைதான். ராஜநாகமோ சீறுவதில்லை, உறுமுகிறது. அதன் மூச்சுக்குழாயை ஒட்டிச் சில காற்றுப் பைகள் உண்டு. வீணைக் குடத்தைப் போல அவை தாழ்ந்த ஒலியை மட்டும் பெருக்கித் தருகின்றன. சாதாரணச் சீற்றத்தில் 7,500 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி மிகுந்திருக்க, ராஜநாகத்தின் உறுமலில் 600 ஹெர்ட்ஸ் அளவில்தான் மிகுந்திருக்கிறது. நம் சாரைகூடக் கழுத்தை உப்பிக்கொண்டு உறுமும். சுருட்டை விரியன் எழுப்பும் 'சரசர' ஒலி மூச்சே அல்ல. உடம்பின் செதில்களை ஒன்றோடொன்று தேய்ப்பதால் வருவது.

இவையெல்லாம் 'கிட்டே வராதே' என்ற எச்சரிக்கைகள். நாம் விலகினால் நின்றுவிடும். யாரும் தொந்தரவு செய்யாதபோதும் ஒவ்வொரு மூச்சிலும் கேட்கும் சின்னச் சத்தம்தான் கவலைக்குரியது. விசில் போலவோ, குழாயில் நீர் குமிழியிடுவது போலவோ அது இருக்கும். மூக்குத் துளையில் நுரை, வாயில் நூல் நூலாகச் சளி, வாயைத் திறந்தே மூச்சு விடுதல், தலையை அண்ணாந்து நிமிர்த்தி வைத்துக்கொள்ளுதல் ஆகியவை உடன் சேர்ந்தால் நுரையீரல் அழற்சி என்றே சந்தேகிக்க வேண்டும்.

நமக்குச் சளி பிடித்தால் இருமித் துப்பிவிடுகிறோம். பாம்பால் அது முடியாது. இருமுவதற்கு உதவும் உதரவிதானம் அதற்கு இல்லை. விலாத் தசைகளைக் கொண்டே மூச்சு விடுகிறது. பெரும்பாலான பாம்புகளில் இடது நுரையீரல் மிகச் சிறியது, அல்லது இல்லவே இல்லை. வலது நுரையீரல் ஒன்றே நீண்ட பையாகக் கிடக்கிறது. அதன் முன்பகுதியில்தான் ரத்தக் குழாய்கள் நெருங்கியிருக்கின்றன. பின்பகுதி வெறும் காற்றுப் பை. தரையோடு தரையாகக் கிடக்கும் அந்தப் பையில் சளி தேங்கினால் வெளியேற வழி ஏது? போதாக்குறைக்கு, ஊர்வனவற்றின் சீழ் நம்முடையதைப் போல நீர்த்துப் பாயாமல் பாலாடைக்கட்டி மாதிரி இறுகிவிடும்.

சரி, நோய் ஏன் வருகிறது? பல சமயம் குற்றவாளி அந்த டப்பாதான். பாம்பு தன் உடம்பின் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்து பெறும் பிராணி. அமெரிக்காவில் குளூகர் என்பவரும் அவருடைய குழுவினரும் பாலைவன உடும்பு ஓணான்களுக்கு ஒருவகை பாக்டீரியாவைச் செலுத்தி ஆராய்ந்த முடிவுகள் 1975-இல் வெளிவந்தன. வெப்பமான இடத்தில் வைக்கப்பட்டவை அதிகம் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை மடிந்தன. வாய்ப்பிருந்தால் நோயுற்ற ஓணான் தானே வெப்பமான இடத்தை நாடிச் செல்கிறது! அதாவது, நமக்கு உடம்பு தானாகக் காய்கிறது. அது நடந்து போய்க் காய்ச்சலைத் தேடிக்கொள்கிறது. டப்பாவில் அடைபட்ட பாம்பு எங்கே போகும்? ஈரமும் கழிவும் அழுக்குக் காற்றும் மட்டுமே அதற்கு மிச்சம்.

பாம்பாட்டியின் கூடை இதைவிட மோசம். நச்சுப் பற்களைப் பிடுங்குவதால் வாய் புண்ணாகிச் சீழ் பிடிக்கிறது. அந்தச் சீழ் பக்கத்திலேயே இருக்கும் மூச்சு வாசலில் இறங்கிவிடுகிறது. பாம்பின் வாயில் வலிய ஊற்றும் பாலும் அதே வழியில் நுரையீரலுக்குப் போகக்கூடும். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். டப்பாப் பையனுக்கும் இது பொருந்தும். வீட்டில் பாம்பு புகுந்தால் தீயணைப்பு மீட்புத் துறையையோ வனத்துறையையோ அழைப்பதே முறை.

வெளிநாட்டுப் பாம்புகளை வளர்க்கும் ஆசையும் இப்போது பரவியிருக்கிறது. 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத்துறையினர் கண்டெடுத்தார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இப்பாம்பு பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெயர்க் காரணம் அதுதான். இந்த இனத்தில் கடும் நுரையீரல் நோயுடன் தொடர்புடைய ஒரு வைரஸை 2014-இல் கண்டறிந்து அறிவித்தார்கள். பல பாம்புகளை நெருக்கி வைக்கும் இடங்களில் அது எளிதாகப் பரவும். பெட்டியில் திணித்துக் கடத்துவதைவிட அதற்கு வேறென்ன வசதி வேண்டும்?

எல்லாச் சத்தமும் நோயல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டை உரிக்கும் தருணத்தில் மூக்கின் மேல் தோல் தடித்து விசில் கேட்பதுண்டு. சட்டை முழுதாகக் கழன்றதும் அது நின்றுவிடும். மூக்கில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் விசிலும் ஒட்டிக்கொண்டிருக்கும்!

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் கிண்டி போய்விடலாம். ரோமுலஸ் விட்டேக்கர் 1972-இல் நிறுவிய பாம்புப் பண்ணை அங்கே இருக்கிறது. கண்ணாடிக்கு அப்பால் படுத்திருக்கும் மலைப்பாம்பின் விலாப்புறத்தைப் பொறுமையாகப் பாருங்கள். உடம்பின் முன்பாதி மெதுவாக உப்பி வடியும். பிறகு வெகுநேரம் அசைவே இராது. ஒரு நிமிடத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணிக் குறித்து, உங்களுடையதோடு ஒப்பிடுங்கள்.

நோயுற்ற பாம்பைக் கால்நடை மருத்துவர் சோதிக்கும்போது ஸ்டெதாஸ்கோப்பை நேராக வைத்தால் செதில் உராயும் ஓசைதான் காதை அடைக்கும். அதனால் இடையில் ஈரத்துணி ஒன்றை விரித்து, அதன்மேல் வைத்துக் கேட்கிறார். ஊசியையும் உடம்பின் முன்பாதியில்தான் போடுகிறார். பின்பாதியில் போட்டால் மருந்து உடம்பெங்கும் பரவுமுன்பே சிறுநீரகத்துக்குப் போய்விடலாம். பிறகு வெதுவெதுப்பான கூண்டில் விட்டு, வாரக்கணக்கில் காத்திருக்கிறார்.