வரப்பில் வளரும் வேட்டைக்காரன்

நெற்பயிரில் வெளுத்துச் சுருண்டிருக்கும் இலையைப் பிரித்துப் பார்த்தால், இலைச்சுருட்டுப் புழு உள்ளே உட்கார்ந்து பச்சையத்தைச் சுரண்டிக்கொண்டிருக்கும். சில சுருள்களில் மட்டும் புழுவுக்குப் பதில் செம்பழுப்பு நிறத்தில் ஒல்லியான வண்டு ஒன்று ஓடும். அது புழுவைத் தேடி உள்ளே நுழைந்த 'ஓபியோனியா' என்னும் தரை வண்டு. ஒரு வண்டு நாளொன்றுக்கு மூன்று முதல் ஐந்து புழுக்கள் வரை தின்னும். புகையான் பூச்சியையும் அது விடுவதில்லை. பளபளக்கும் கருநிறப் புழுப் பருவத்திலேயே அதன் வேட்டை தொடங்கிவிடுகிறது.

தரை வண்டுகளின் குடும்பத்தில் உலகெங்கும் சுமார் 40,000 இனங்கள் உள்ளன. விதை தின்பவையும் உண்டு என்றாலும் பெரும்பாலானவை இரைகொல்லிகள். நீண்ட கால்கள், முன்னோக்கி நீண்ட கூரிய தாடைகள், இரவு நடமாட்டம் ஆகியவை இவற்றின் பொது அடையாளம். பல இனங்கள் செரிமானச் சாற்றை இரைமீது உமிழ்ந்து, கரைந்த சதையை உறிஞ்சுகின்றன. பகலில் கல்லுக்கடியிலும் சருகுக்கடியிலும் பதுங்குகின்றன.

இவற்றின் வாழ்க்கை மண்ணோடு பிணைந்தது. நீர் நிற்கும் நெல்வயலில் ஓபியோனியா கூட்டுப்புழுவாக மாறுவதற்கு ஏற்ற ஈரமண் வரப்பில்தான் இருக்கிறது. வரப்பு கெட்டால் அடுத்த தலைமுறை இல்லை.

இங்கிலாந்தில் வேலிப்புதர்களை அழித்து வயல்களை விரித்தபோது, வண்டுகள் குளிர்காலத்தில் ஒதுங்க இடமில்லாமல் போனது. 1980களின் இறுதியில் ஹாம்ப்ஷயர் பகுதியில் ஆய்வாளர்கள் வயல் நடுவே மண்ணை மேடாக்கி, அடர்ந்து வளரும் புல்லை விதைத்தார்கள். இரண்டாம் குளிர்காலத்தில் சில மேடுகளில் சதுர மீட்டருக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரைகொல்லிப் பூச்சிகளும் சிலந்திகளும் தங்கியிருந்தன. அங்கே புதிதாக உருவாக்க வேண்டியிருந்த மேடு, நம் வயல்களில் வரப்பாக ஏற்கெனவே இருக்கிறது.

அதன் பயனைக் கெடுப்பது, தேவையறியாமல் அடிக்கும் மருந்து. புகையான் தன் முட்டைகளை இலை உறைக்குள் செருகி வைக்கிறது. தெளிக்கும் மருந்து பல நேரம் அவற்றை எட்டுவதில்லை. வெளியே திரியும் தரை வண்டும் சிலந்தியும்தான் மடிகின்றன. பொரித்து வரும் குஞ்சுகளைத் தடுக்க ஆளில்லாமல் புகையான் முன்னிலும் பெருகுகிறது. இந்தோனேசியா இதை அனுபவத்தில் உணர்ந்து, 1986-ல் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குப் பயன்படுத்தத் தடைவிதித்தது. அதனால் அங்கே நெல் விளைச்சல் சரிந்துவிடவில்லை.

எனவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் வயலில் இறங்கி, சில இலைச்சுருள்களைப் பிரித்தும் தூர்களை விலக்கியும் பாருங்கள். புழுக்களை எண்ணும்போது வண்டுகளையும் சிலந்திகளையும் சேர்த்து எண்ணுங்கள். அவை போதிய அளவு இருந்தால் தெளிப்பானை எடுக்காதீர்கள். வரப்பில் களைக்கொல்லி அடிக்காமல், புல்லைக் கையால் அறுத்துக்கொள்ளுங்கள். கூலி கேட்காமல் உழைக்கும் இந்த வண்டுகளுக்கு நாம் தர வேண்டியது நஞ்சில்லாத அந்த ஓரடி மண்தான்.