பழைய கம்ப்யூட்டரில் தொடுதிரை: சீசனுக்கு முன்பே சரிபார்த்துக் கொள்வோம்



ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதங்களும் குற்றாலத்துக் கடைகளுக்கு உயிர்நாடி. கார்த்திகை பிறந்தால் ஐயப்ப பக்தர்களின் கூட்டம். தென்காசி, செங்கோட்டை, பாவூர்சத்திரம் மண்டிகளுக்கும் அந்த நாட்களில்தான் கை ஓயாத வேலை. அப்படிப்பட்ட நாளில் பில் போடும் கம்ப்யூட்டரின் திரையைத் தொட்டால் அது கேட்கவில்லை, அல்லது முந்திரியைத் தொட்டால் ஏலக்காய்க்குப் பில் விழுகிறது என்றால், கல்லாவின் முன்னே நிற்கும் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். பழுது பார்க்க வருபவர்களில் சிலர், "மெஷின் பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். எல்லா நேரத்திலும் அதற்குத் தேவையில்லை என்பதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

டிரைவர் என்றால் என்ன?

கொல்லத்திலிருந்து ஒரு வியாபாரி நம் மண்டிக்குப் போன் செய்து மலையாளத்தில் ஆர்டர் சொல்கிறார். நம் பையனுக்குத் தமிழ் மட்டுமே தெரியும். இரண்டு மொழியும் தெரிந்த குமாஸ்தா நடுவில் இருந்தால்தான் சரக்கு சரியாக ஏறும். தொடுதிரைக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் இருக்கும் அந்தக் குமாஸ்தாதான் டிரைவர் என்னும் சிறு புரோகிராம். குமாஸ்தா இல்லையென்றால் திரையில் படம் தெரியும், தொட்டால் வேலை நடக்காது. தவறான குமாஸ்தா என்றால் இடம் மாறித் தொடும்.

தொடுதிரை புதிய சங்கதியும் அல்ல. 1965-லேயே இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்காக இதைப் பற்றி எழுதினார். 1986-ல் அமெரிக்காவில் ஜீன் மோஷர் என்பவர் உணவு விடுதிகளில் பில் போடத் தொடுதிரை முறையைக் கொண்டுவந்தார். ஆகவே இது கடைக்காரர்களின் கைக்குப் பழகிய கருவிதான்.

எந்த வகைத் திரை?

கடைகளில் இரண்டு வகைகள் அதிகம். அழுத்தினால் வேலை செய்யும் ரெசிஸ்டிவ் வகை ஒன்று. இதில் மெல்லிய இரண்டு படலங்கள் விரல் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொடுகின்றன. ஈரக் கையானாலும், உறை போட்ட கையானாலும் இது கேட்கும். மற்றது செல்போனில் உள்ள கெபாசிடிவ் வகை. விரலின் மின்தன்மையை வைத்து இது இடத்தை அறிகிறது. நீர்த்துளி விழுந்தால் தடுமாறும். அருவியில் குளித்த ஈரத்தோடு ஆட்கள் வந்து போகும் கடைக்கு முதல் வகையே தோது என்பது நமது கருத்து. ஆனால் அதன் மேல் படலத்தில் பேனா முனையால் குத்தினால் கீறல் விழும். காலம் செல்லச் செல்ல அளவும் சற்று நகரும். அதை அவ்வப்போது திருத்த வேண்டும்.

வேலையைத் தொடங்குமுன்

முதலில் கணக்குகளைத் தனி பென் டிரைவிலோ ஹார்டு டிஸ்க்கிலோ பிரதி எடுத்து வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குகளை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். டிரைவருக்காக மெஷினை ஃபார்மட் செய்து, பழைய பில்கள் போய்விட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்தான், பழுது பார்த்தவர் அல்ல.

அடுத்து, திரையின் பின்புறம் பாருங்கள். பல மாடல்களில் படத்துக்கு ஒரு வயரும், தொடுதலுக்குத் தனியாக ஒரு வயரும் இருக்கும். படம் வருகிறது, தொடுதல் இல்லை என்றால் அந்த இரண்டாவது வயர் கழன்றிருக்கலாம். ஒரு ரூபாய் செலவில்லாமல் தீரும் பழுது இது. அந்த வயர் யு.எஸ்.பி.யா, பழைய ஒன்பது முள் சீரியல் போர்ட்டா என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். டிரைவர் போடும்போது இது தேவைப்படும்.

போடும் முறை

1. கண்ட்ரோல் பேனலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மஞ்சள் குறி உள்ள வரியின் ஹார்டுவேர் ஐ.டி.யைக் குறித்துக் கொள்ளவும். எந்தக் கம்பெனியின் சாதனம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும். பூஜ்யம், ஈ, ஈ, எஃப் என்று இருந்தால் அது ஈகேலக்ஸ் வகை.

2. விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பார்க்கவும். 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஏறாது. பலரும் அரை நாள் அலைவது இந்த ஒரு காரணத்தால்தான்.

3. டிரைவரைத் திரை தயாரித்த கம்பெனியிடமிருந்தோ, தொடு சில்லு தயாரித்த கம்பெனியிடமிருந்தோ மட்டும் பெறவும். "இலவச டிரைவர்" என்று கூவும் தளங்களில் வைரஸ் கலந்திருக்கலாம்.

4. பழைய டிரைவரை நீக்கி, மெஷினை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகே புதியதை ஏற்றவும். சில டிரைவர்கள் யு.எஸ்.பி. வயரைக் கழற்றி வைக்கச் சொல்லும். சொன்னபடி செய்யவும்.

5. திரையின் ரெசல்யூஷனை முதலில் சரியாக வைத்துவிட்டு, அதன்பின் காலிபரேஷன் செய்யவும். மூலைகளில் தோன்றும் குறிகளை ஒவ்வொன்றாகத் தொடவேண்டும். வரிசை மாறினால் சரிவராது.

6. வாடிக்கையாளர் பார்க்க இரண்டாவது திரை வைத்திருந்தால், தொடுதல் அந்தத் திரைக்குப் போய்விடுவதுண்டு. டேப்லட் பி.சி. செட்டிங்ஸில் எந்தத் திரை தொடுதிரை என்று காட்டிக் கொடுத்தால் போதும்.

7. சிறிது நேரம் சும்மா இருந்தபின் தொடுதல் செத்துப் போகிறதா? பவர் ஆப்ஷனில் யு.எஸ்.பி. செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை நிறுத்தி வைக்கவும்.

8. தானாகவே அங்கும் இங்கும் தொட்டுக்கொண்டால், டிரைவரைக் குறை சொல்லுமுன் அடாப்டரையும் எர்த்தையும் பார்க்கவும். மட்டமான அடாப்டர் கெபாசிடிவ் திரையைக் குழப்பிவிடும்.

பழையதில் எவ்வளவு காலம்?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-லும் மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஆகவே பழைய மெஷினைப் பில் போட மட்டும் வைத்துக்கொண்டு, பேங்க் வேலையையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் வேறு மெஷினில் செய்வதே பாதுகாப்பு.

விண்டோஸுக்கு டிரைவர் கிடைக்கவே இல்லையென்றால் லினக்ஸ் ஒரு வழி. ஈகேலக்ஸ் போன்ற பல திரைகளுக்கான டிரைவர் அதிலேயே உள்ளது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் நம் பில் சாஃப்ட்வேர் அதில் ஓடுமா என்று கேட்டறியாமல் மாற்றிவிட வேண்டாம். விண்டோஸுக்காக எழுதிய பல சாஃப்ட்வேர்கள் அதில் நேராக ஓடாது.

மேலே சொன்ன அனைத்தும் செய்தும் தொடுதல் சரியாகவில்லை என்றால், கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றுமுன் திரையை மட்டும் மாற்ற முடியுமா என்று விலை கேளுங்கள். சாதாரண மவுஸ் ஒன்றையும் மேஜையடியில் வைத்திருங்கள். தொடுதிரை நின்றாலும் வியாபாரம் நிற்காது.

இத்தனை வேலைகளையும் வைகாசியிலேயே முடித்து, டிரைவரின் பிரதியைப் பென் டிரைவில் போட்டு, கல்லாப்பெட்டிச் சாவியைப் போலப் பத்திரமாக வைத்துக் கொள்ளும்படி வணிகப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறோம். சாரல் வரும்போது நமக்கு வேலை வியாபாரமாக மட்டுமே இருக்கட்டும்.